வித்தியாசாகரரும் வடமொழிப் பாலபாடமும்

வங்கநாடு பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஈன்ற பெரியார் பலருள் ஈசுவர சந்திர வித்தியாசாகரர் ஒருவர். அவர் பெயரைக் கேட்டவுடன் கைம்பெண் மறுமணச் சட்டமும் அவர்தம் கொடைச் சிறப்புமே பலர் நினைவுக்கு வருவன. மாணவர் மேடைகளிற் பேசப்படுவனவும் அவையே. ஆசிரியத் தொழில் பூண்ட எமக்கோ, அவர் 1851 ஆம் ஆண்டில் அச்சிட்டு வெளியிட்ட ஒரு சிறு நூலே முதற்கண் நினைவுக்கு வருகின்றது. வடமொழியைப் புதிதாகக் கற்கப் புகும் வங்கச் சிறுவர்க்கு அவர்தம் தாய்மொழியிலேயே வடமொழி இலக்கணத்தை உணர்த்திய அந்நூலின் பெயர் உபக்கிரமணிகை. தமிழிற் கூறின் தோற்றுவாய் என்னலாம். அச்சிறு நூல் பிறந்த வரலாற்றையும் அதனை ஆக்கியோர் வரலாற்றையும் இம்மலர் வாயிலாக எம் பழைய மாணவர்க்கும் இன்றைய மாணவர்க்கும் எடுத்துரைக்க விழைகின்றோம்.

வித்தியாசாகரர் 1820 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 26 ஆந் திகதி, பின்னாளில் மேதினிபுர மாவட்டத்தைச் சேர்ந்த வீரசிங்கம் என்னுஞ் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் தாகூர்தாச வந்தியோபாத்தியாயர். தாயார் பகவதி தேவி. குலம் அந்தணர் குலம், வீட்டில் வறுமை. தந்தையார் கல்கத்தாவிற் சிறு சம்பளத்துக்கு எழுத்தர் வேலை பார்த்துக் குடும்பத்தைக் காத்து வந்தார். மகன் வடமொழி கற்றுத் தேர்ந்து சொந்த ஊரில் ஒரு பாடசாலை வைத்து நடத்தவேண்டும் என்பது அவர் விருப்பம்.

எட்டு வயதில் மகனை நடத்தியே கல்கத்தாவுக்கு அழைத்துச் சென்றார். வழியில் நட்டிருந்த மைற்கற்களைக் கண்ட சிறுவன் அவை யாவையென வினவினான். அவற்றிற் பொறித்திருந்த ஆங்கில இலக்கங்களைத் தந்தை ஒவ்வொன்றாய்ச் சொல்லிக்கொடுக்க, பயணம் முடியுமுன் சிறுவன் அவற்றையெல்லாம் கற்றுக்கொண்டான். இடையில் ஒரு கல்லைக் காட்டாது விட்டுத் தந்தையார் சோதித்தபோது, அடுத்த கல்லில் இலக்கம் பிழைத்திருக்கின்றதென்று அவன் சொன்னான் என அவர் வரலாறு எழுதினோர் கூறுவர்.

1829 ஆம் ஆண்டு யூன் மாதம் வடமொழிக் கல்லூரியின் இலக்கண வகுப்பிற் சேர்க்கப்பட்டார். அக்கல்லூரி 1824 இல் நிறுவப்பட்டது. அதே கட்டடத்தின் மற்றொரு பாகத்தில், எம் கல்லூரியின் பெயரையே உடைய இந்துக் கல்லூரி நடைபெற்று வந்தது. அங்கே செல்வர் வீட்டுப் பிள்ளைகள் ஆங்கிலங் கற்றனர். இங்கே ஏழை அந்தணச் சிறுவர் இலக்கணச் சூத்திரங்களை நெட்டுருப் பண்ணினர்.

அக்காலத்து இலக்கண வகுப்பின் நிலையைச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். பயின்ற நூல் முக்தபோதம். பதின்மூன்றாம் நூற்றாண்டிலே தேவகிரி யாதவர் ஆட்சியில் வாழ்ந்த வோபதேவர் இயற்றியது அந்நூல். பாணினி முனிவரின் குறியீடுகளையும் மேலுஞ் சுருக்கி ஓரசைக் குறிகளாக அமைத்தவர் அவர். வல்லார்க்கு அஃது ஓர் இனிய நூலே. ஆயின் சூத்திரமும் வடமொழி, உரையும் வடமொழி. வடமொழி அறியாத சிறுவன் வடமொழியை அறிதற்கு வடமொழியிலெழுதிய நூலையே கருவியாகக் கொள்ளவேண்டியவனானான். பொருள் தெரியுமுன் சூத்திரம் மனத்தில் ஏறவேண்டும். இதனோடு அமரகோசமும் தாதுபாடமும் மனனஞ் செய்யப்பட்டன. இவ்வாறு நாலைந்து ஆண்டுகள் கழிந்த பின்னரே மாணவன் ஒரு காவியத்தைக் கையில் எடுப்பான். இடையில் விட்டுப்போனவர் எத்துணையர் என்பதை எவரும் எண்ணிப் பார்த்திலர்.

வித்தியாசாகரர் இவ்வழியே சென்று மூன்று ஆண்டுகளுக்கு மேல் இலக்கண வகுப்பில் இருந்தார். வீட்டிலே தந்தையார்க்கும் தம்பியர்க்கும் சமைத்துப் போட்டுக்கொண்டே படித்தார். பின்னர் காவியம், அணி, வேதாந்தம், மிருதி, நியாயம் என ஒவ்வொரு வகுப்பாய் ஏறினார். 1839 இல் இந்து தருமசாத்திரத் தேர்வில் தேறியபோது பெற்ற சான்றிதழிலேயே வித்தியாசாகரர் என்னும் பட்டம் காணப்படுகின்றது. கல்விக்கடல் என்பது அதன் பொருள். 1841 இல் கல்லூரிப் படிப்பை முடித்து, அவ்வாண்டு இறுதியில், கும்பினி உத்தியோகத்தர்க்கு நாட்டு மொழிகளைக் கற்பித்த வில்லியம் கோட்டைக் கல்லூரியில் ஐம்பது ரூபா மாதச் சம்பளத்தில் தலைமைப் பண்டிதரானார்.

இவ்வளவு துன்பப்பட்டுக் கற்றவர் பலர், தாம் பட்ட துன்பத்தைப் பிறரும் படுதலே கல்விக்கு அழகு என்று கருதிவிடுவர். ஆசிரியருட் சிலரிடம் இக்குணத்தை நாமுங் கண்டதுண்டு. வித்தியாசாகரர் அவ்வாறு கருதினாரல்லர். அதற்கு அவருடைய நண்பர் இராசகிருட்டிண வந்தியோபாத்தியாயர் ஒரு காரணமானார்.

இராசகிருட்டிணர் பள்ளிப்படிப்பை இடையில் விட்டவர், இளைஞர். வித்தியாசாகரர் வீட்டுக்கு வந்துபோகும் வழக்கமுடையவர். ஒருநாள் அங்கே மேகதூதம் படிக்கப்படுவதைச் செவியுற்று, இதனைத் தாமுங் கற்றல் கூடுமோ என வினவினார். முக்தபோதத்தில் தொடங்கினால் வயது வந்த ஒருவர்க்கு ஆர்வம் முதலாண்டிலேயே அற்றுப்போம் என்பதனை வித்தியாசாகரர் அறிவார். ஆதலின் எழுத்து, புணர்ச்சி, பெயர், வினை என்பனவற்றுள் முதலில் இன்றியமையாதனவற்றை மாத்திரம் பொறுக்கி, வங்கமொழியிலே சில தாள்களில் தம் கையால் எழுதிக் கொடுத்தார். அத்தாள்களைக் கொண்டே இராசகிருட்டிணர் கற்கத் தொடங்கினார். சில ஆண்டுகளுள் வடமொழிக் கல்லூரியின் உயர்தரப் புலமைப்பரிசுத் தேர்விலும் தேறினார். அத்தாள்களே உபக்கிரமணிகையின் கரு. இக்காலத்திலேதான் வித்தியாசாகரர் தாமும் ஒரு மாணவராகி, துர்க்காசரண வந்தியோபாத்தியாயர் முதலிய நண்பரிடம் ஆங்கிலம் கற்று வந்தார் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. காலையில் ஆசிரியர், மாலையில் மாணவர் என்றிருப்பவர்க்கே தொடக்க மாணவனின் இடர் நன்கு விளங்கும் போலும்.

அத்தகைய நூலுள் இருப்பன யாவை? வடமொழி கல்லாத எம் வாசகர்க்காக ஒரு சிறிது காட்டுவோம். தமிழிலே எண் இரண்டு: ஒருமையும் பன்மையும். வடமொழியில் இடையே இருமை என ஒன்றுண்டு. ஒரு மனிதன் நர:, இருவர் நரௌ, பலர் நரா:. தமிழில் மனிதன் என்னுஞ் சொல்லோடு ஆல் என்னும் உருபைச் சேர்த்தால் மனிதனால். மனிதர் என்பதோடு சேர்த்தால் மனிதரால். உருபு மாறுவதில்லை. வடமொழியிலோ எண்ணும் வேற்றுமையும் ஒன்றாய் உருகிக் கலந்துவிடுகின்றன. மூன்றாம் வேற்றுமையில் நரேண, நராப்யாம், நரை: என மூன்று உருவங்கள். விளியோடு எட்டு வேற்றுமைக்கும் இவ்வாறு மும்மூன்றாக ஒரு பெயர்க்கு இருபத்துநான்கு இடம் உண்டு. அவற்றுட் சில ஒரே உருவமுடையன. இவ்விருபத்துநான்கையும் ஒரு கட்டத்துள் நிரப்பிக் கண்முன் வைத்துவிட்டால் மாணவன் ஒரு நாளிற் கண்டுகொள்வதை, சூத்திர வழியாகப் பெறுதற்குப் பல மாதங்கள் செல்லும்.

பால் வகுப்பும் அவ்வாறே. நம் மொழியிற் பால் பொருளைப் பற்றியது. வடமொழியில் அது பெரிதுஞ் சொல்லைப் பற்றியது. மனைவியைக் குறிக்கும் பார்யா பெண்பால். அதே பொருளுடைய தார என்னுஞ் சொல் ஆண்பால். அதிலும் பன்மையிலேயே வழங்கும். சோதிடர் வாயால் நாமெல்லாங் கேட்ட களத்திரமோ அலிப்பால்! வினைச்சொல்லிலோ வடமொழி மாணவனுக்கு இரங்குகின்றது. போகின்றான், போகின்றாள், போகின்றது என்னும் மூன்றற்கும் கச்சதி என்னும் ஒரு சொல்லே அமையும். நர: கச்சதி என்று ஒருவனையும், நரௌ கச்சத: என்று இருவரையும், நரா: கச்சந்தி என்று பலரையும் போகவிட்டால், முதல் நாளிலேயே மாணவன் மூன்று வாக்கியங்கட்கு உடையவனாகின்றான். புணர்ச்சியும் நமக்குப் புதிதன்று. வித்தியா என்பதும் ஆலயம் என்பதும் சேர்ந்து வித்தியாலயமாதலையும், சூரியன் உதிப்பது சூரியோதயமாதலையும் நன்னூல் பயின்ற மாணவன் வடமொழியாக்கத்திலே கண்டிருப்பான்.

1846 இல் வித்தியாசாகரர் வடமொழிக் கல்லூரியின் துணைக் காரியதரிசியாகிச் சீர்திருத்தஞ் செய்யப் புகுந்தார். காரியதரிசியுடன் கருத்து வேற்றுமையுண்டாக, அடுத்த ஆண்டே பதவியைத் துறந்தார். கடன் வாங்கி, மதனமோகன தருக்காலங்காரருடன் சேர்ந்து ஓர் அச்சியந்திரசாலை அமைத்தார். 1850 இறுதியில் மீண்டும் அக்கல்லூரிக்கே இலக்கியப் பேராசிரியராய் அழைக்கப்பட்டார். அவ்வாண்டு திசெம்பரிலே கல்வி மன்றத்துக்கு அவர் அனுப்பிய நீண்ட அறிக்கையில், தொடக்க இலக்கணம் தாய்மொழியிலேயே கற்பிக்கப்படல் வேண்டும், அதன் பின் சித்தாந்த கௌமுதி படிக்கப்படல் வேண்டும் என வற்புறுத்தினார். 1851 சனவரியில் அதிபரானார். முப்பது வயதே ஆன அதிபர்!

அவ்வாண்டிலேயே உபக்கிரமணிகை வெளிவந்தது. இலக்கணம் மாத்திரம் இருந்தாற் போதாது, உடனே படித்து மகிழ எளிய உரைநடையும் வேண்டும் என்று கண்டு ரிசுபாடம் என்னும் வாசக நூலை மூன்று பாகமாகத் தொகுத்தார். முதற் பாகத்திலே பஞ்சதந்திரக் கதைகள். இரண்டாம் பாகத்திலே வான்மீகி இராமாயணப் பகுதிகள். மூன்றாவதிலே பாரதம் முதலிய பல நூற்பகுதிகள். உபக்கிரமணிகையைக் கடந்தவர்க்கு வியாகரண கௌமுதி என்னும் விரிந்த இலக்கணத்தை 1853 முதற் பகுதி பகுதியாக வெளியிட்டார். ஆகவே, வித்தியாசாகரர் வழி நுனிப்புல் மேய்வார்க்கே உரியதென்று குறை கூறுவோர் அவர் இட்ட படிகளுள் முதலாவதை மாத்திரமே பார்த்தவராவர்.

இந்நூல்கள் எத்துணை தூரஞ் சென்றன என்பதற்கு ஒரு சான்று கூறுவோம். 1873 இல் பதினோராண்டுச் சிறுவராயிருந்த இரவீந்திரநாத தாகூரை அவர் தந்தையார் இமயமலைச் சாரலிலுள்ள தல்கௌசிக்கு அழைத்துச் சென்றார். இருள் பிரியாத குளிர்காலையில் தந்தையார் அவரை எழுப்பிவிடுவது, உபக்கிரமணிகையிலிருந்து நர:, நரௌ, நரா: என்று மனனஞ் செய்வித்தற்கு. அப்பயணத்தில் ரிசுபாடத்தின் இரண்டாம் பாகத்தையும் தந்தையாரிடம் அவர் கற்றார். இவற்றைத் தம் வாழ்க்கை நினைவுகளிலே கவிஞரே குறித்துள்ளார்.

ஏறக்குறைய இதே ஆண்டுகளில், வித்தியாசாகரரினும் இரண்டாண்டு இளையவராகிய எம் ஆறுமுகநாவலர் வண்ணார்பண்ணையில் வித்தியாசாலை நிறுவி, அச்சியந்திரம் வைத்து, பாலபாடங்களையும் இலக்கணச் சுருக்கத்தையும் வெளியிட்டமையை யாழ்ப்பாணத்தார் மறவார். வங்க உரைநடையிற் காற்புள்ளி முதலிய குறிகளை நிலைநிறுத்தியவர் ஒருவர். தமிழ் உரைநடையில் அதனைச் செய்தவர் மற்றவர். சமயக் கொள்கையில் இருவரும் ஒத்தவரல்லர். காசிக் கல்லூரி அதிபர் பலந்தைன் துரை 1853 இல் கல்கத்தாக் கல்லூரியைப் பார்வையிட்டு எழுதிய அறிக்கைக்கு மறுமொழி கூறுகையில், வேதாந்தமும் சாங்கியமும் பிழைபட்ட தரிசனங்கள் என்று வித்தியாசாகரர் எழுதினார். ஆயினும் அவற்றைக் கல்லூரியிற் கற்பித்தே ஆகவேண்டுமென்றார். இக்கூற்றை நாம் ஏற்றுக்கொள்ளோம். தம் கருத்தை மறையாது மேலதிகாரிகட்கு எழுதிய துணிவை மாத்திரம் ஏற்றுக்கொள்கின்றோம்.

நூலை எளிதாக்கியவர் கதவையுந் திறந்தார். அதுவரை அந்தணரும் வைத்தியருமே வடமொழிக் கல்லூரியிற் சேர்க்கப்பட்டனர். 1851 இல் காயத்தருக்கும், 1854 இறுதியில் மதிப்புடைய இந்துக் குலத்தார் பிறர்க்கும் இடமளிக்கப்பட்டது. மதிப்புடைய என்னும் அச்சொல்லால் வெளியே நிறுத்தப்பட்டோர் பலர் இருந்தனர். ஆதலின் கதவு முழுதுந் திறந்ததெனக் கூற ஒண்ணாது. எம் நாட்டுப் பள்ளிக்கூடங்களின் வரலாற்றை அறிந்தார்க்கு இதனை விரிக்க வேண்டுவதில்லை.

இனி, இலக்கணம் கற்றலால் என்ன பயன் என்று வினவும் மாணவர்க்குச் சொல்லவேண்டிய பகுதிக்கு வருகின்றோம். வங்கத்தில் அக்காலத்தே ஐந்து வயதிலும் ஆறு வயதிலும் பெண்குழந்தைகள் மணஞ்செய்விக்கப்பட்டனர். கணவன் இறப்பின், பிள்ளைப்பருவம் நீங்காத அவர்கள் வாழ்நாள் முழுதும் கைம்மை நோன்பிருத்தல் வேண்டும். சாத்திரம் அவ்வாறு விதிக்கின்றது என்பதே பண்டிதர் கூற்று. சாத்திரத்தைப் படிக்கவல்லார் சிலரே ஆதலின், அதனை மறுக்கவல்லாரும் இலராயினர். வித்தியாசாகரர் மிருதி நூல்களை இரவு பகலாய் ஆராய்ந்து, கலியுகத்துக்குரியதாகச் சொல்லப்படும் பராசர மிருதியில், கணவன் காணாமற் போதல், இறத்தல், துறவு பூணுதல், ஆண்மையிழத்தல், பதிதனாதல் என்னும் ஐந்து இடர்களில் பெண்ணுக்கு வேறு கணவன் விதிக்கப்பட்டிருத்தலை எடுத்துக்காட்டி 1855 சனவரியில் ஒரு நூல் வெளியிட்டார். மறுப்பு நூல்கள் மழையாய்ப் பொழிந்தன. அக்டோபரில் அவற்றுக்கெல்லாம் விடையாக இரண்டாம் நூலை வெளியிட்டார்.

அம்மிருதிச் சுலோகத்தைப் பற்றி எழுந்த வாதங்களுள் ஒன்று, தொடக்க மாணவனின் இலக்கணக் கட்டத்துள்ளேயே அடங்குவது. சுலோகத்திலே கணவன் என்பதற்கு ஏழாம் வேற்றுமையிற் பதௌ என்னும் உருவம் வந்துள்ளது. பதி என்னுஞ் சொல் தனித்து நிற்குங்கால் பத்யௌ என்றாதலே விதி. பூபதி போலத் தொகைச்சொல்லாயின் மாத்திரமே பதௌ என வரும். இதனைப் பற்றிக்கொண்டு, அச்சொல் பதி அன்று, அபதி என்றனர் மறுமணத்தை எதிர்த்தோர். முன்சொல் ஏகாரத்தில் முடிதலின் அதன்பின் வந்த அகரம் புணர்ச்சியிற் கெட்டதாம். அபதி எனின் இன்னும் கணவனாகாதவன், அஃதாவது மணம் பேசப்பட்டவன். ஆகவே அவ்விதி மணமானவளுக்கன்று, மணம் பேசப்பட்டவளுக்கே என்பது அவர் துணிபு. ஆதரித்தோர், பழைய முனிவர் நூல்களிலே இத்தகைய விதிவிலக்கான உருவங்கள் வருதல் வழக்கமே என விடுத்தனர். ஓர் அகரம் உண்டா இல்லையா என்பதிலே சிறுமியர் பலரின் வாழ்வு தொங்கிக்கொண்டிருந்தது! வடமொழி அறியாத ஒருவர் எத்துணை இரக்கமுடையவராயினும் இச்சபையில் வாய் திறத்தல் இயலாது.

ஏறத்தாழ ஆயிரவர் கையொப்பத்துடன் அரசுக்கு விண்ணப்பம் போயிற்று. எதிர் விண்ணப்பங்களில் கையொப்பம் அதனிற் பன்மடங்கு. எனினும் 1856 யூலை 26 இல் சட்டம் நிறைவேறியது. அச்சட்டத்தின்படி கல்கத்தாவில் முதற் பெயர்பெற்ற திருமணம் அவ்வாண்டு திசெம்பர் 7 இல் நடந்தது. மணமகன் சிரீசசந்திர வித்தியாரத்தினர் என்னும் பண்டிதர். மணமகள் காளிமதி என்னும் சிறுமி. தெருவெங்கும் கூட்டம், பொலிசார் காவல் நின்றனர். மணம் நடந்த இடம் சுக்கியா வீதியிலிருந்த இராசகிருட்டிணர் வீடு. ஆம், கையெழுத்துத் தாள்களைக் கொண்டு வடமொழி கற்ற அந்த நண்பரே தம் வீட்டை அம்மணத்துக்குக் கொடுத்தவர்.

அதன்பின் நடந்த மறுமணங்கள் பலவற்றின் செலவை வித்தியாசாகரரே ஏற்றுக்கொண்டு கடனாளியானார். 1857 நவம்பர் முதல் 1858 மே வரை முப்பத்தைந்து பெண்பாடசாலைகளைத் திறந்தார். அவற்றுக்குப் பணந்தர அரசு தயங்கவே, ஆசிரியர் சம்பளத்தைத் தாமே கொடுக்கவேண்டியதாயிற்று. மேலதிகாரியுடன் பிணக்கும் உடல்நலக் குறைவும் சேர, 1858 இல் ஐந்நூறு ரூபாச் சம்பளமுள்ள பதவியை விட்டு நீங்கினார். அதன் பிறகு அவரைக் காத்தது பாடநூல்களால் வந்த வருவாயே. 1855 இல் எழுதிய வர்ணபரிசயம் என்னும் வங்க அரிச்சுவடியும், வடமொழிப் பாடநூல்களும் ஆண்டுதோறும் விற்றன. அப்பணம் மறுமணச் செலவுக்கும், ஏழை மாணவர்க்கும், பிரான்சு நாட்டிற் கடன்பட்டுத் தவித்த மைக்கேல் மதுசூதன தத்தர் போன்ற புலவர்க்கும் போய்ச் சேர்ந்தது.

தந்தையார் விரும்பியவாறு வீரசிங்கத்தில் 1853 இலேயே இலவசப் பாடசாலை ஒன்று அமைத்துவிட்டார். கல்கத்தாவிலே மெத்திரோபொலித்தன் கல்விச்சாலையை ஐரோப்பிய ஆசிரியர் துணையின்றி நடத்திக் கல்லூரியாக உயர்த்தினார். 1870 இல் தம் ஒரே மகன் நாராயணசந்திரர் ஒரு கைம்பெண்ணை மணந்தபோது உறவினர் பலர் விலகினர், அவர் மகிழ்ந்தார். பிற்காலத்தில் நகர வாழ்வில் வெறுப்புற்று, கர்மாடார் என்னும் இடத்திலே சந்தால் மக்களிடையே சிறு வீடொன்று கட்டி, அவர்கட்கு ஓமியோபதி மருந்து கொடுத்துக்கொண்டும், தம் நூல்களின் அச்சுத்தாள்களைத் திருத்திக்கொண்டும் காலங் கழித்தார். 1891 யூலை 29 இல் கல்கத்தாவிற் காலமானார். அவர் வளர்த்த கல்லூரி 1917 இல் வித்தியாசாகரர் கல்லூரி எனப் பெயர் மாற்றப்பெற்றது.